வளையலை அடகு வைத்துக் கடற்கரையில் யோகா முகாம் போடலாமா?

கேள்வி: ரந்தாவில் கடைவீட்டு மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து நான்கு வருடமாக யோகா சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன்பு செனவாங்கில் தொழிற்சாலை வேலை. இப்போது 26 பேர் மாதம் 80 வெள்ளி (ரிங்கிட்) கட்டி வருகிறார்கள். வாரத்துக்கு 12 வகுப்பு எடுக்கிறேன். வாடகை, மின்சாரம், இணையம் எல்லாம் போக மாதம் 880 வெள்ளி மிஞ்சுகிறது. இரண்டு வருடமாக இந்த எண்ணிக்கை ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போர்ட்டிக்சன் கடற்கரை விடுதி ஒன்றில் மூன்று நாள், இரண்டு இரவு ‘ரிட்ரீட்’ நடத்தலாம் என்று நினைக்கிறேன். ஆளுக்கு 650 வெள்ளி. விடுதி, அறை, சாப்பாடு, மண்டபம் எல்லாம் சேர்த்து 20 பேருக்கு 7,400 வெள்ளி சொல்லி, பாதியை முன்பணமாகக் கேட்கிறது. வளையலை அடகுக் கடையில் வைக்கலாம் என்றால் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். கோலாலம்பூரில் இருக்கும் தோழியோ, காப்பிக் கடைகளில் ‘பாப்-அப்’ வகுப்பு போடு, கூட்டம் தானாக வரும் என்கிறாள். அக்கா, நான் எதைச் செய்வது?
– வாசகி, நெகிரி செம்பிலான்

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

வளையல் கையிலேயே இருக்கட்டும். இந்த விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னதுதான் சரி. ஆனால் முகாமே வேண்டாம் என்ற பொருளில் அவர் சொல்லியிருந்தால், அதில் எனக்கு உடன்பாடில்லை. முகாமும் நடத்தலாம், திடீர் வகுப்பும் போடலாம். (பாப்-அப் என்று நீங்கள் எழுதியதை இனி திடீர் வகுப்பு என்றே சொல்கிறேன்.) எதை யாருக்காகச் செய்கிறோம் என்பதில்தான் கடிதத்தில் ஒரு குழப்பம் தெரிகிறது.

கணக்கு எழுதிப் பிழைக்கிறவள் நான், அதனால் முதலில் கணக்கு. 880 வெள்ளியை மாதத்தின் 48 வகுப்புகளால் வகுத்தால் ஒரு வகுப்புக்கு 18 வெள்ளிதான் வருகிறது. கூட்டிப் பெருக்கி, பாய் விரித்து, ஒரு மணி நேரம் குரல் கொடுத்து, கடைசி ஆள் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கும்வரை நின்றதற்குப் பதினெட்டு வெள்ளி. மனம் சோர்வதற்காக இதைச் சொல்லவில்லை. இதே கணக்கின் மறுபக்கத்தைப் பாருங்கள். 26 பேர் 12 வகுப்புகளில் பிரிந்து வருகிறார்கள் என்றால் பல நாள் உங்கள் முன்னால் நான்கைந்து பேர்தான் இருப்பார்கள். பாதித் தரை காலி. அந்தக் காலி இடத்தில் இன்னும் பத்துப் பேர் வந்து உட்கார்ந்தால் வாடகை கூடப்போவதில்லை, காற்றாடி கூடுதலாகச் சுழலப்போவதும் இல்லை. 800 வெள்ளி அப்படியே கைக்கு வரும். 880 என்பது 1,680 ஆகும், அதுவும் மாதாமாதம். கடற்கரையில் வருடத்துக்கு ஒரு தடவை கிடைக்கும் பணத்தைவிட, உங்கள் மாடியில் காலியாகக் கிடக்கும் பத்துப் பாய்க்கு மதிப்பு அதிகம்.

இப்போது போர்ட்டிக்சனுக்கு வருவோம். இருபது பேர் வந்தால் 13,000 வெள்ளி வரவு, 7,400 செலவு, 5,600 லாபம். இந்த எண்ணைத்தான் நீங்கள் இரவில் படுத்துக்கொண்டு பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டு பேர்தான் வந்தார்கள் என்றால்? வரவு 7,800. விடுதி இருபது பேருக்கு என்று பேசியிருப்பதால் செலவு அதே 7,400. மூன்று நாள் உழைப்புக்கும், அதற்கு முந்திய ஒரு மாத ஓட்டத்துக்கும் 400 வெள்ளி. பதினோரு பேர் என்றால் கையிலிருந்து 250 போகும்.

சரி, அந்த இருபது பேர் யார்? உங்கள் மாணவிகளா? அவர்களுக்கு 650 வெள்ளி என்பது எட்டு மாதக் கட்டணம். வீட்டில் பிள்ளைகளை விட்டுவிட்டு இரண்டு இரவு வெளியே தங்க எத்தனை பேருக்கு முடியும்? உங்களுக்கே தெரியும். ஆக, வர வேண்டியவர்கள் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் சிரம்பானிலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்கும் உங்களைத் தெரியாது. அறிமுகமே இல்லாத ஆளிடம் 650 வெள்ளி கேட்பது பெண் பார்க்கப் போன அன்றே சீர்வரிசை பேசுவது மாதிரி.

நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்பு, சிறு வியாபாரிகளுக்கு இரண்டு நாள் கணக்குப் பயிற்சி என்று ஒரு மலைப்பிரதேச விடுதியில் ஏற்பாடு செய்தேன். முப்பது பேர் கட்டாயம் வருவோம் என்றார்கள். நானும் முப்பது பேருக்குக் கையெழுத்துப் போட்டேன். பதினேழு பேர் வந்தார்கள். வராத பதின்மூன்று பேரின் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நான்தான் காசு கட்டினேன். அடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில்! அன்றிலிருந்து ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: வருகிறவர்கள் முன்பணம் கட்டி, அந்தப் பணம் வங்கியில் விழுந்த பிறகுதான் நான் யாருக்கும் முன்பணம் கட்டுவேன்.

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருகிறேன். உங்களுக்கு இரண்டு வகை வாடிக்கையாளர்கள். ஊர்க்காரர்கள் மாதக் கட்டணம் கட்டி வகுப்புக்கு வர வேண்டியவர்கள். அவர்களைத் தேடி நீங்கள் வெளியே போக வேண்டும், திடீர் வகுப்பு அதற்குத்தான். பட்டணத்துக்காரர்கள் ஒரு நாள் மூச்சுவிட இடம் தேடுகிறவர்கள். அவர்களை உங்கள் ஊருக்குள் வரவழைக்க வேண்டும், முகாம் அதற்குத்தான். நீங்களோ இதைத் தலைகீழாக யோசித்திருக்கிறீர்கள். ஊர்க்காரர்களைக் கடற்கரை விடுதிக்குக் கூட்டிப்போகவும், பட்டணத்துக் காப்பிக் கடையில் போய்த் திடீர் வகுப்பு எடுக்கவும் பார்க்கிறீர்கள். கோலாலம்பூர் பங்சாரில் காப்பிக் கடை வகுப்புக்கு வந்த பெண், யோகா பிடித்திருக்கிறது என்பதற்காக வாராவாரம் ரந்தாவுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வரமாட்டாள். அங்கேயே பக்கத்துத் தெருவில் ஒரு நிலையத்தில் சேர்ந்துகொள்வாள். பெட்ரோலும் டோலும் உங்களுடையது, மாணவி வேறு ஒருவருக்கு.

முதலில் திடீர் வகுப்பு. உங்கள் ஊரில் ஆட்கள் ஏற்கெனவே கூடுகிற இடங்கள் எவை என்று யோசியுங்கள். கூட்டத்தை நீங்கள் சேர்க்க வேண்டியதில்லை. சேர்ந்த இடத்துக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போனால் போதும். எனக்குத் தோன்றுகிற முதல் இடம் கோயில் மண்டபம். காலைப் பூசை முடிந்து அன்னதானத்துக்குக் காத்திருக்கும் முக்கால் மணி நேரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யும் பயிற்சி. பாய் வேண்டாம், உடை மாற்ற வேண்டாம், புடவையோடே செய்யலாம். முட்டி வலி, தோள் பிடிப்பு, கால் மரத்துப்போவது என்று நம் அம்மாக்களுக்கு இருக்கும் தொல்லைகளை வைத்தே இருபது நிமிடம் போதும். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது ஆறு பேரில் ஒருவருக்கு. நம் இந்தியர்களிடம் அது இன்னும் அதிகம் என்று இந்த ஆய்வுகள் தொடர்ந்து சொல்கின்றன. இனிப்பு நீர் இல்லாத வீடு எது என்று கோயில் வாசலில் நின்று கேட்டுப் பாருங்கள். ஆனால் யோகா செய்தால் இனிப்பு நீர் குணமாகிவிடும் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டு யாராவது மயங்கி விழுந்தால் பழி உங்கள் மேல்தான் விழும். நடக்க, குனிய, நன்றாகத் தூங்க உதவும் என்று சொன்னாலே போதும்.

இந்தக் கோயில் வகுப்புக்குக் காசு வாங்காதீர்கள். மற்ற எல்லா இடத்திலும் வாங்குங்கள், ஐந்து வெள்ளியாவது. இலவசம் என்றால் வருகிற கூட்டம் வேறு, அது அடுத்த இலவசத்தைத் தேடிப் போய்விடும்.

இரண்டாவது இடம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நம்மவர்களில் பெரும்பாலோர் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புகளுக்கு வந்தாயிற்று. வேலை செனவாங்கிலும் நீலாயிலும். எட்டு மணி நேரமோ பன்னிரண்டு மணி நேரமோ நின்றுகொண்டே வேலை செய்கிற பெண்ணின் இடுப்பும் குதிகாலும் எப்படி வலிக்கும் என்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பழைய தொழிற்சாலையில் உங்களைத் தெரிந்த மேலாளர் யாராவது இருந்தால், ஷிப்ட் மாறும் நேரத்தில் இருபது நிமிடம் கேளுங்கள். அங்கே யோகா என்ற சொல்கூட வேண்டாம், ‘இடுப்பு வலிக்கான பயிற்சி’ என்று போடுங்கள். நிறுவனம் ஒரு வகுப்புக்கு 100, 150 வெள்ளி தர முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதைவிடப் பெரிய லாபம், காலையில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்காக ஒன்பதரை மணி வகுப்பு ஒன்று தேவைப்படுகிறதா என்று தெரிந்துகொள்வது. இரண்டு வருடமாக எண்ணிக்கை ஏறாததற்குக் காரணம் உங்கள் நேர அட்டவணையாகக்கூட இருக்கலாம்.

தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், தாமானின் பாலாய் ராயா (பொது மண்டபம்), கோத்தோங் ரோயோங் (கூட்டுத் துப்புரவுப் பணி) நடக்கும் ஞாயிற்றுக்கிழமை, இவையெல்லாம் சரியான இடங்கள்தான். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை வேண்டாம். சத்தத்திலும் சாத்தே புகையிலும் யாரும் மூச்சை இழுத்துவிடப் போவதில்லை. ஜூன் 21 உலக யோகா தினத்தை வேண்டுமானால் பயன்படுத்துங்கள். 2014இல் ஐ.நா. அறிவித்தது, 2015இலிருந்து நடக்கிறது. அன்றைக்குப் பத்திரிகையில் படம் வருவது எளிது.

எங்கே நடத்தினாலும் ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டு போங்கள். பெயர், தொலைபேசி எண், எந்த நேரம் வசதி, எங்கே வலி. மூன்று நாளுக்குள் புலனத்தில் (வாட்ஸ்அப்) செய்தி அனுப்புங்கள், ஒரு வாரம் விட்டால் மறந்துவிடுவார்கள். செய்தியில், மூன்று வகுப்பு 10 வெள்ளி, இந்த மாதத்துக்குள் வந்துவிட வேண்டும் என்று இருக்கட்டும். பிறகு எண்ணிப் பாருங்கள்: கோயிலில் 40 பேர் கைதூக்கினார்கள், அதில் எத்தனை பேர் மாடிப்படி ஏறினார்கள், எத்தனை பேர் 80 வெள்ளி கட்டினார்கள்? 40க்கு இரண்டு பேர் என்றாலும் அது நல்ல காலைப்பொழுதுதான். மூன்று முறை போயும் ஒருவரும் வரவில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். மாடிப்படி என்றதும் ஞாபகம் வருகிறது: முட்டி வலிக்காரர்களை மேல்மாடிக்கு வரச் சொல்கிறீர்கள்! வாரம் ஒரு நாளாவது கீழ்த்தளத்தில் ஏதாவது இடம் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் கவனம். 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம், மந்திரமும் வழிபாடும் கலந்த யோகா முஸ்லிம்களுக்கு ஆகாது என்று அறிவித்தது. மந்திரம் இல்லாமல் உடற்பயிற்சியாகச் செய்யலாம் என்று அப்போதைய பிரதமர் அப்துல்லா அகமட் படாவி பிறகு விளக்கம் சொன்னார். கோயில் மண்டபத்தில் ஓம் சொல்லித் தொடங்குவதில் யாருக்கும் சிரமமில்லை. தொழிற்சாலையிலும் பொது மண்டபத்திலும் அப்படித் தொடங்காதீர்கள். வெறும் நீட்டல், மடக்கல், மூச்சு மட்டும் போதும். என்ன செய்யப்போகிறோம் என்பதை அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். யாரையும் சங்கடத்தில் நிறுத்தக் கூடாது, நாமும் நிற்கக் கூடாது.

அடுத்தது முகாம். இதை எழுதத்தான் எனக்கு ஆசை.

பட்டணத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கடற்கரை விடுதி புதிதில்லை. காலை ஏழு மணிக்குச் செம்பனை மரங்களுக்கு நடுவே பனி இறங்கியிருக்கும் பாதையும், நான்கு மணிக்கு மழை பெய்யும்போது தகரக் கூரைச் சத்தமும் அவர்களுக்குக் கிடைக்காதவை. நமக்குத்தான் அது சலித்துப் போச்சு. தோட்டத்தில் பிறந்து பட்டணத்துக்குப் போய்விட்ட ஒரு தலைமுறை இருக்கிறதே, நாற்பது ஐம்பது வயதில், கையில் கொஞ்சம் காசோடு, அவர்கள்தான் உங்கள் முதல் விருந்தாளிகள். பாட்டி வீட்டுக்கு வருகிற மாதிரி வருவார்கள்.

இன்னொன்று, யோகாவுக்கும் உங்கள் வட்டாரத்துக்கும் பழைய உறவு இருக்கிறது. ரிஷிகேஷில் 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தைத் தொடங்கிய சுவாமி சிவானந்தர், துறவியாவதற்கு முன்பு டாக்டர் குப்புசாமியாக சிரம்பான் பக்கத்துத் தோட்ட மருத்துவமனை ஒன்றில் வேலை செய்தவர். 1913இல் மலாயாவுக்கு வந்து, பிறகு ஜொகூரிலும் பணியாற்றிவிட்டு, 1923இல் இந்தியா திரும்பினார். அவர் பிறந்த ஊர் பத்தமடை. பாய்க்குப் பேர்போன ஊர்! முகாமின் தொடக்கத்தில் இதை நீங்கள் ஐந்து நிமிடம் சொன்னால் போதும், வந்தவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். காசு கொடுத்து வாங்க முடியாத விளம்பரம் இது. ஆனால் ‘சிவானந்தர் நடந்த மண்’ என்றெல்லாம் பதாகை அடிக்காதீர்கள். எந்தத் தோட்டத்தில் நடந்தார் என்று யாராவது கேட்டால் மாட்டிக்கொள்வீர்கள்.

முதல் முகாம் ஒரே ஒரு நாள். சனிக்கிழமை காலை ஏழேகாலிலிருந்து நாலரை வரை. நம் தீபகற்பத்தில் சூரியன் ஏழு மணியை ஒட்டித்தான் எழும், ஆண்டுத் தொடக்கத்தில் ஏழரையை நெருங்கிவிடும். 1982இல் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளியதால் வந்த வசதி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் ஐந்தே முக்காலுக்குக் கிளம்புகிறவர் இங்கே சூரியோதயத்தைப் பார்த்துவிடலாம். அறை வாடகை கிடையாது.

ஆளுக்கு 120 வெள்ளி, பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். கோயில் மண்டபமோ தோட்டத்து மண்டபமோ 150 என்று வைத்துக்கொள்வோம். உதவிக்கு ஒரு பெண்ணுக்கு 100. மத்தியானம் வாழையிலைச் சாப்பாடு ஆளுக்கு 18, காலைப் பசியாறலும் மாலைத் தேத்தண்ணியும் 8. உங்களையும் உதவியாளரையும் சேர்த்துப் பதினான்கு இலை. துப்புரவு, சில்லறைச் செலவு 70. இதோடு, ஓய்வு பெற்ற பால்மர (ரப்பர்) தொழிலாளி ஒருவரைப் பேச அழைத்து அவருக்கு 80 கொடுங்கள். மொத்தம் 764. வரவு 1,440. கையில் 676. அதே பன்னிரண்டு பேர் போர்ட்டிக்சனுக்கு வந்திருந்தால் மூன்று நாளைக்கு 400 கிடைத்திருக்கும், நினைவிருக்கட்டும். இங்கே ஆறு பேர் வந்தாலும் 112 வெள்ளி மிஞ்சும். ஐந்து பேர் என்றால் பதினெட்டு. உங்களுக்குப் பழக்கமான எண்தான்! ஆனால் அடகுக் கடைக்குப் போக வேண்டியதில்லை.

அந்தப் பால்மரத் தொழிலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. இருட்டில் நெற்றி விளக்கோடு போய், கோடு கிழித்து, கோப்பை வைத்து, மழை வந்தால் அன்றைய பால் போச்சு என்று வாழ்ந்த ஒரு பாட்டி அரை மணி நேரம் பேசினால் அதைவிடப் பெரிய தியான வகுப்பு கிடையாது. அவர் பேசட்டும், கத்தியை எப்படிப் பிடிப்பது என்று காட்டட்டும். லயத்து வீடுகளை வேடிக்கை காட்டக் கூட்டிப் போகாதீர்கள். துணி காய்கிற கயிற்றைப் படம் எடுத்து முகநூலில் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே இருப்பவர்களுக்கு அது வீடு.

சமையலை உங்கள் மாணவிகளிடமே கொடுங்கள். மாதம் 80 வெள்ளி கட்டுகிறவர் ஒரு நாள் சமைத்து அதைவிட அதிகம் வாங்கிக்கொண்டு போனால், அவர் உங்களை விட்டு எங்கும் போகமாட்டார். சைவமாகவே இருக்கட்டும். புரட்டாசியிலும் தைப்பூச விரத நாட்களிலும் சைவ முகாம் என்று சொன்னாலே ஆள் கிடைக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியான் காலம். முகாம் முடிந்த பிறகு பக்கத்துத் தோப்பில் டுரியான் என்று சேர்த்துப் பாருங்கள், இடம் போதாது. கடைசியில்தான், சரியா? டுரியானைத் தின்றுவிட்டு யாரையும் பிராணாயாமம் செய்யச் சொல்லாதீர்கள், மண்டபம் தாங்காது.

வெளியில் நடக்கும் பகுதியெல்லாம் காலையிலேயே முடிந்துவிட வேண்டும். ஏப்ரல், மே, அக்டோபர் மாதங்களில் மத்தியானத்துக்குப் பிறகு இடிமழை சாதாரணம். ஆகஸ்ட், செப்டம்பரில் புகைமூட்டம் வரலாம். காற்று மாசுக் குறியீடு 100ஐத் தாண்டினால் நடையை ரத்து செய்து உள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். செம்பனைக் காட்டுக்குள் போக மேலாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அது தனியார் நிலம். மருந்து தெளிக்கும் நாள் எது என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும், அதனால் பெரிய பாதையை விட்டு யாரும் இறங்கக் கூடாது. எலியைப் பிடிக்க ஆந்தைக்குப் பெட்டி கட்டிவைத்திருக்கும் தோட்டமாக இருந்தால் அதை விருந்தாளிகளுக்குக் காட்டுங்கள். நகரத்துப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

இப்படி மூன்று நான்கு ஒரு நாள் முகாம் நடத்தினால் உங்கள் நோட்டில் முப்பது, நாற்பது பட்டணத்துப் பெயர்கள் சேரும். அவர்களிடம் கேளுங்கள், ஓர் இரவு தங்குவீர்களா என்று. எட்டுப் பேர் முன்பணம் கட்டினால் அப்போது போர்ட்டிக்சனைப் பற்றிப் பேசலாம். அதிலும் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. வாகனம், அறை, சாப்பாடு, சுற்றிக்காட்டல் எல்லாவற்றையும் ஒரே விலையில் கட்டி விற்பது, 1992ஆம் ஆண்டு சுற்றுலாத் தொழில் சட்டத்தின் கீழ் உரிமம் தேவைப்படும் வியாபாரமாகக் கருதப்படலாம். உரிமம் பெற்ற பயண முகவர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். இல்லையென்றால், அறையை விருந்தாளிகளே விடுதியில் நேரடியாகப் பதிவு செய்துகொள்ளட்டும், நீங்கள் பயிற்சிக்கு மட்டும் பணம் வாங்குங்கள். இரண்டாவது வழிதான் உங்களுக்கு நல்லது, அறை காலியாக இருந்தால் அது விடுதியின் கவலை. அண்ணன் வேனில் ஆளுக்குப் பத்து வெள்ளி வாங்கிக்கொண்டு சிரம்பான் கொமுட்டர் ரயில் நிலையத்திலிருந்து ஏற்றிவருவது, அதுவும் வேண்டாம். அது உரிமம் இல்லாத வாடகை வண்டி. காப்புறுதியும் கைவிடும்.

எஸ்எஸ்எம் (நிறுவனப் பதிவு ஆணையம்) பதிவு இருக்கிறதா? கடிதத்தில் சொல்லவில்லை. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்திருக்க வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வியாபாரப் பெயரில் 60. நான்கு வருடமாக இல்லாமல் ஓட்டியிருந்தால் இந்த வாரமே போய்ப் பதிந்துவிடுங்கள். தொழிற்சாலைக்கும் மண்டபத்துக்கும் ரசீது கொடுக்க அது வேண்டும், நாளைக்கு தெக்குன் என்ற அரசாங்கச் சிறுதொழில் கடனுக்கு விண்ணப்பிக்க நினைத்தாலும் வேண்டும். பொதுப் பொறுப்புக் காப்புறுதி ஒன்றும் எடுங்கள். முகாமுக்கு வருகிறவர்களிடம் இரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, கர்ப்பம் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள். தலைகீழ் ஆசனங்களை ஒரு நாள் முகாமில் வைக்கவே வைக்காதீர்கள், அறிமுகமில்லாத உடம்பு அது. பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கு. முகாமுக்கு வந்த முன்பணம் வீட்டுச் செலவில் கலந்துவிட்டால், யாராவது வரமுடியவில்லை என்று திருப்பிக் கேட்கும்போது கை பிசைய வேண்டிவரும். திருப்பித் தரும் விதியையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள்: பதினான்கு நாளுக்கு முன்னால் சொன்னால் முழுப் பணம், ஏழு நாள் என்றால் பாதி, அதற்குப் பிறகு வேறு ஆளை அனுப்பலாம், பணம் கிடையாது. முதல் தடவை யாராவது அழுவார்கள். விதியைக் காட்டுங்கள்.

கோலாலம்பூர்த் தோழியை விட்டுவிடாதீர்கள். காப்பிக் கடை யோசனை உங்களுக்குச் சரிவராது, ஆனால் அவர் ஆட்களை அறிந்தவர். முதல் முகாமுக்கு அவரை இலவசமாக வரச் சொல்லுங்கள். நான்கு பேரை அழைத்து வரட்டும், அந்த நான்கு பேரும் 120 வெள்ளி கட்டி வரட்டும். இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால் தோழியின் சாப்பாட்டுச் செலவும் போகக் கையில் கொஞ்சம் மிஞ்சும்.

விடுதிக்காரர்கள் பதிலுக்குக் காத்திருப்பார்கள். இழுத்தடிக்காமல் இன்றைக்கே இப்படி ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள்: “இந்த வருடம் நாங்கள் முகாம் நடத்தவில்லை. அடுத்த வருடம் எட்டு முதல் பத்துப் பேர், ஓர் இரவு, அறையை அவரவர் பதிவு செய்துகொள்வார்கள், மண்டபம் மட்டும் எங்களுக்கு வேண்டும் என்றால் வார நாள் விலை என்ன?” வார நாள் என்று கேட்க மறக்காதீர்கள். சனி ஞாயிறு விலை வேறாக இருக்கும்.

அன்புடன்,
அக்கா